நைனாவுக்கு மட்டும் பிரேக்கு

காலேஜ் பட்டிமன்றத்துல எனக்குதான் கப்பு குடுத்தாங்க. ஏண்டா ஜெயிச்சோம்னு இன்னிக்கும் நொந்துகினு கிடக்கறேன்.

எழுபதுகளோட ஆரம்பம். பொன்னேரில பி.ஏ. கடேசி வருஷம். வாய்னா வாய், அப்டியொரு வாய் எனக்கு. தலைப்பு இன்னான்னா, ஒரே ஆளு ரெண்டு தபாவுக்கு மேல எம்.எல்.ஏ.வா இருக்கலாமா, கூடாதா. நான் கூடாதுன்ற கட்சி. தலைமை தாங்க வர்றவரே மூணு தபா ஜெயிச்ச எங்க எம்.எல்.ஏ. அதுல இன்னும் குஷி எனக்கு.

எங்க நைனா அப்போ கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு இரும்பு கம்பெனில டெம்ப்ரவரி. அதுக்கு முன்ன ஊரான் கழனில கூலி வேல. கம்பெனிக்காரன் ஒரு தந்திரம் வெச்சிருந்தான். எட்டு மாசம் ரொம்பிட்டா இவனுங்க பர்மனென்ட் கேப்பானுங்கன்னு, ரொம்பறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடியே கேட்ல பாஸ வாங்கிகினு ஊட்டுக்கு அனுப்பிடுவான். அதுக்குப் பேரு பிரேக்கு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி கேட்டாண்ட லைன்ல நிக்கணும். அதே சூப்பர்வைசர், புது ஆளக் கேக்கறாப்ல, "பேர் இன்னா? எந்த ஊரு?"ன்னு கேப்பான். நைனாவுக்கு அப்டி ஆறு தபா ஆயிருந்துச்சு. எம்.எல்.ஏ. லெட்டர் குடுத்தா பர்மனென்ட் லிஸ்ட்ல சேத்துக்கறோம்னு ஆபீஸ்ல யாரோ சொல்லியிருக்காங்க. அத நைனா என்னாண்ட சொல்லல.

நான் மைக்கப் புடிச்சு கத்தறேன்: "எங்க நைனாவுக்கு எட்டு மாசத்துக்கு ஒரு பிரேக்கு! நம்ம எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் பிரேக்கே கெடையாதா? இவரையும் ஒரு மாசம் கேட்டாண்ட நிக்க வையுங்க. பேர் இன்னா, எந்த ஊருன்னு கேளுங்க!"

பசங்க விசில் அடிச்சு பெஞ்ச ஒடச்சானுங்க.

எம்.எல்.ஏ. கோவமே படல. சிரிச்சுகினே எழுந்தாரு. "பலே தம்பி! நானும் ஊட்ல குந்திக்கலாம்னுதான் பாக்கறேன், ஜனங்க எங்க உடறாங்க? ஆமா, அந்த நைனா எங்கப்பா, வந்துகிறாரா?"

அப்பதான் பாத்தேன். கடேசி வரிசைல, கதவாண்ட, காக்கி சட்டையோட நைனா. மேல் பாக்கெட்ல நாலா மடிச்ச மனு துருத்திகினு இருக்கு. என்னையே பாத்துகினு, தலைய லேசா ஆட்டினாரு. வேணாம்னு.

"வரலீங்க"ன்னேன்.

வெளிய எம்.எல்.ஏ. கார சுத்தி பத்து பேரு மனுவோட. எல்லாத்தையும் சிரிச்சுகினே வாங்கினாரு. நைனா மட்டும் சைக்கிள் ஸ்டாண்டாண்ட, பாக்கெட் மேல கை வெச்சுகினு நின்னாரு. குடுத்தா கம்பெனி பேர படிப்பாரு, பிரேக்குன்னு எழுதிகிறத படிப்பாரு, யாரு அப்பன்னு தெரிஞ்சுடும். கார் போயிடுச்சு.

"இன்னாத்துக்கு வந்த நைனா?"

"லெட்டர் கேக்கலாம்னு. மூணு நாள்ல பிரேக்குடா."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? வாய மூடிகினு இருந்திருப்பேன்ல!"

"நல்லாதாண்டா பேசின"ன்னாரு. அதுக்கு நாலு அறை உட்டிருக்கலாம்.

மூணாம் நாளு பாஸ வாங்கிட்டானுங்க.

அடுத்த எலெக்ஷன்ல அதே ஆளு நாலாவது தபா நிக்கறான். நைனா நாஷ்டா கூட துன்னாம, தலை சீவிகினு ஓட்டு போட கெளம்பறாரு.

"அந்தாளுக்கா போடப் போற?"

"அவருக்குதான்."

"உனக்கு இன்னா கிழிச்சான் அவன்?"

"ஒண்ணும் கிழிக்கல. மீஞ்சூர் ஸ்டேஷன்ல பாத்தப்போ, இன்னாப்பா நல்லாகிறியான்னு கேட்டாரு. மூஞ்சி தெரியுது அவருக்கு. நீ சொல்றாப்ல புதுசா ஒருத்தன் வந்தான்னு வையி, அவனாண்டயும் போயி பேர் இன்னா, எந்த ஊருன்னு மொதல்லேர்ந்து சொல்லணும். என்னால முடியாதுடா."

அந்த பட்டிமன்றத்துக்கு பக்கம் பக்கமா பாயிண்ட் எழுதி வெச்சிருந்தேன். அதே நான் சைக்கிள எடுத்து, நைனாவ பூத்தாண்ட எறக்கி உட்டேன்.

அந்தாளு ஜெயிச்சான். மறுநாள் காலைல நைனா கும்மிடிப்பூண்டி ரயில புடிச்சாரு. எத்தினியாவது பிரேக்கோ, முடிஞ்சிருந்துச்சு. வெரல்ல மை அப்டியே இருக்க, கேட்டாண்ட நின்னு, பேரையும் ஊரையும் சொல்லியிருப்பாரு.