மறுபடி கேளுங்க

காந்திபுரத்தில் கோவிந்தராஜுலுவின் மொத்த ஜவுளிக்கடைக்கு வெளியூர் வியாபாரி யார் வந்தாலும், முதலாளி விமலாராணியைத்தான் கூப்பிடுவார். நாற்பத்திரண்டு வயது அவளுக்கு. துணியைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவாள். அதே ஆள் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால் வாயடைத்துப் போவாள். பள்ளிக்கூடத்தில் கிடைத்த "திமிர் புடிச்சவ" என்ற பெயர் புகுந்த வீட்டுக்கும் கூடவே வந்திருந்தது.

போன வருஷம் அவளுடைய அக்கா மகளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போயிருந்த விமலாராணி, குழந்தைக்குச் சத்தம் எப்படி உடம்பில் குத்தும் என்று அங்கே விளக்கியதைக் கேட்கக் கேட்க வியர்த்துப் போனாள். அவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

தனக்கும் பார்த்துவிடலாம் என்று ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனாள். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பிக் கொடுத்ததும் டாக்டர் அதைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. கண்ணைப் பார்த்துப் பேசறீங்க, வேலைக்குப் போறீங்க, குடும்பம் நடத்தறீங்க. பார்ட்டில பேசறது ரொம்பப் பிடிக்கும்னு வேற போட்டிருக்கீங்களே!"

"நான் எங்கீங்க பார்ட்டிக்குப் போனேன்? பார்ட்டிதானுங்க கடைக்கு வரும்."

டாக்டருக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். கடையில் சரக்கெடுக்க வருகிறவருக்குத்தான் பார்ட்டி என்று பெயர். சத்தியமங்கலம் பார்ட்டி, பல்லடம் பார்ட்டி. அவர்களோடு துணியைப் பற்றிப் பேசுவது அவளுக்குப் பிடிக்கும்.

"சரி, ஒரு கேள்வியால எதுவும் மாறிடாது."

"அப்ப மத்த கேள்வியவும் மறுபடி கேளுங்க. எதெது எனக்கு வேற மாதிரி புரிஞ்சுதோ, யாருக்குத் தெரியும்? அப்புறம், உங்க கண்ணை நான் பார்க்கவே இல்லீங்க. புருவத்துக்கு நடுவுல பார்க்கறேன். கடையில சேர்ந்தப்ப நானாப் பழகிக்கிட்டது."

டாக்டர் மணியை அழுத்தி அடுத்தவரை வரச் சொன்னார்.

மில்லில் ஃபிட்டராக இருந்த கணவன் தேவானந்தத்துக்கு அதில் நிம்மதி. "இல்லைன்னு சொன்னா சந்தோசப்படோணும். உட்டுத் தள்ளு."

"ஊர் வெச்ச பேரை இத்தனை நாளாச் சுமந்துட்டேனுங்க. சரியான பேரு என்னன்னு தெரியாம நான் உடறதா இல்லை."

விசாரித்து, துடியலூரில் உளவியலாளர் லோகப்பிரியாவிடம் போனாள். அவர் முதலில் கேட்டதே, "இந்த லைட்டு கண்ணைக் கூசுதுங்களா?" என்றுதான். கூசியது. அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவரிடமும் கேள்விகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவள் வாழ்க்கையிலிருந்து ஏதாவது நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவளுடைய அக்காவுக்குப் போன் போட்டுச் சின்ன வயசுக் கதைகளைக் கேட்டார். அவள் சம்மதத்தோடு ஒரு சனிக்கிழமை கடைக்கே வந்து, கூட்டத்துக்கு நடுவே அவள் வேலை செய்வதைப் பார்த்தார். கடைசியில் தேவானந்தத்தையும் வரவழைத்தார்.

"விசேசத்துக்குப் போயிட்டு வந்தா இவங்க என்னங்க பண்ணுவாங்க?"

"ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்குவாளுங்க. மறுநாள் வரைக்கும் பேச்சே இருக்காது. எங்க சனத்தைப் புடிக்கலைன்னு நெனச்சுப்போட்டேன்."

"ஏன்னு கேட்டிருக்கீங்களா?"

"கேக்கலீங்க. சண்டைதான் போட்டேன்."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். விமலாராணி அவரைத் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆட்டிசம்தான் என்றார் லோகப்பிரியா. "நீங்க மறைக்கப் பழகிக்கிட்டீங்க. அதைப் பார்த்து இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அவள் அழவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தச் சொல்லை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். இடிக்காமல் பொருந்தியது.

சேதி அவர்கள் ஞாயிறுதோறும் போகும் சர்ச் சபைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்துக்காரர்கள் அவளைச் சூழ்ந்து நின்று, சுகம் வேண்டி ஜெபிக்கலாம் என்றார்கள். ஒரு அம்மா தலையில் கை வைக்கவே வந்துவிட்டார்.

விமலாராணி விலகி நின்றாள். "எனக்கு வியாதி இல்லீங்க, சுகமாகறதுக்கு. ஜெபம் பண்ணியே தீரோணும்னா, ஆராதனையில காதைப் பொளக்கற அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் கொறைக்க யாருக்காவது மனசு வரட்டும்னு பண்ணுங்க."

அந்த அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பின்னால் நின்ற தேவானந்தம் மட்டும், "நானும் அதுக்கே ஜெபிக்கிறேனுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறும் ஸ்பீக்கர் அதே அலறல்தான். விமலாராணி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.