ஆவியாகாத கல்

என் தங்கையின் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எழுதுவேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுவேன்.

கல் குவாரியில் வெடி வைப்பவர். அங்கே அவருக்குப் பெயர் 'டமார்'. இருபது வயதில் பாறையில் துளை போடும் கூலியாகச் சேர்ந்தார். லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை தேறினார். காது பாதிதான் கேட்கும் என்பதால் தண்ணீர் கேட்பதைக்கூட ஊருக்கே அறிவிப்பார். பத்துத் துளையில் வெடி வைத்தால் பத்துச் சத்தத்தையும் விரல்விட்டு எண்ணுவார். ஒன்பதுதான் கேட்டது என்றால், வெடிக்காத துளைக்குக் கிட்டே ஓர் ஈயைக்கூட விடமாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் மேலும் கீறல் விழவில்லை. இப்படிப்பட்டவரை எதைச் சொல்லித் திட்டுவது? போதாததற்கு மாப்பிள்ளை வேறு. வயிற்றெரிச்சலைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் காட்ட வேண்டும்.

நான் மின்சார மீட்டர் சரிபார்ப்பவன். எனக்கென்று இருந்த பெருமை ஒரே ஓர் எண்.

சின்ன வயதில் நானும் தங்கையும் டிவியில் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்போம். அதில் ஒரு போர்க்கப்பல் பீரங்கியால் சுடும், எதிரே மிதக்கும் பெரிய கல் காணாமல் போய்விடும். அந்தப் பீரங்கிக்கு எவ்வளவு பலம் என்று கதையில் யாரும் சொல்லவே இல்லை. நாங்கள் கண்டுபிடித்தோம். கப்பலின் ஜன்னலை வைத்து அதன் நீளம், கப்பலை வைத்துக் கல்லின் அகலம். தங்கை திரையில் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் சொல்வாள், நான் பெருக்குவேன். கல் கிட்டத்தட்ட நூறு மீட்டர். அதை ஆவியாக்க, ஒரு பெரிய நகரம் ஒரு வருடம் எரிக்கும் மின்சாரம் வேண்டும்! பிற்பாடு அந்தத் தொடரின் ரசிகர் குழு ஆயுதங்களுக்கு ஓர் அட்டவணை போட்டபோது, முதல் வரியில் என் எண்ணும் என் பெயரும் ஏறின. பதினான்கு வருடம் யாரும் அசைக்கவில்லை.

போன மாதம் மாப்பிள்ளை முதன்முறையாக அந்தக் காட்சியைப் பார்த்தார்.

"ஆவியாகல மச்சான். உடைஞ்சிருக்கு, பாருங்க."

படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினார். வெளிச்சம் அடங்குவதற்குள் இடது ஓரத்தில் நாலு துண்டு பறந்து வெளியே போனது. துண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது, பாறை உடைய எவ்வளவு வெடிமருந்து போதும் என்று பென்சிலால் போட்டார். என் எண்ணில் நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை. தங்கை அதைக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். 'மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாற்றிவிடுவோம்' என்று எனக்குச் செய்தி வந்தது.

ஞாயிறு காலை மறுப்போடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப். அடுத்த கப்பலின் கணக்கை ஆரம்பித்திருந்தார்கள். தங்கை திரையில் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் சொல்கிறாள், அவர் எழுதுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணைப் பிடுங்கியது போதாதா, என் தங்கையையுமா?

"அந்தத் துண்டெல்லாம் பின்னாடி ஒட்டவெச்ச கிராபிக்ஸ்," என்றேன். "பழைய டிவியில நாங்க பாத்தப்போ துண்டே கிடையாது."

"இருந்துச்சுண்ணா," என்றாள் தங்கை. "நான் அப்பவே பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ எத்தன மில்லிமீட்டர்னு மட்டும்தானே கேட்டே. என்ன பாத்தேன்னு இவர்தான் கேட்டார்."

சண்டைபோடும் குரலில் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கத்தியிருப்பேன்.

"என்ன சொல்றா?" என்றார் மாப்பிள்ளை, கையைக் காதில் வைத்துக்கொண்டு.

"உங்க கணக்குதான் சரின்னு சொல்றா!" என்று கத்தினேன். போனை எடுத்து, 'மறுப்பு இல்லை' என்று குழுவுக்கு அனுப்பினேன். பதினான்கு வருடப் பெருமை ஒரே விரலில் போயிற்று. ஆனால் அந்த நேரம் எரிந்தது அதற்காக இல்லை. இவ்வளவு எளிதான கேள்வி இந்த மனுஷனுக்கு எப்படித் தோன்றியது, எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் எரிந்தது.

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்போ வேற என்னெல்லாம் பாத்தே, சொல்லு."

தங்கை ஸ்கேலை நகர்த்தினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதெல்லாம் இவர்கிட்ட சொல்லிட்டேனேண்ணா."