நடக்காததை எழுதிய நல்லதம்பி அண்ணை

நல்லதம்பி அண்ணை போய்விட்டார் என்ற செய்தியைச் சந்திக் கடையில் பாண் வாங்க நின்றபோது கேட்டேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகச் சைக்கிளை எடுத்தவர், வீட்டு வாசல் படலையடியிலேயே சாய்ந்துவிட்டாராம். அன்று முழுதும் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பிக்கவே ஓடவில்லை. அடுத்தநாள் செத்தவீட்டில் இரங்கலுரைகளைக் கேட்டபிறகு, துக்கம் போய்க் கோபம் வந்தது.

எங்கள் வாசிகசாலைத் தலைவர் எழுந்து, கற்பனை வளம் மிக்க கலைஞனை ஊர் இழந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்தார். அந்தக் கற்பனைக்கு அன்றைக்கே வாய்க்கரிசி போட்டவர் அவர்தான். அண்ணையை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் தலையாட்டிக்கொண்டு இருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு அண்ணை ஒரு நாடகம் எழுதினார். ஊர்ப் பொதுக்கிணற்றில் அள்ள விடப்படாத ஒருவன், ஒருநாள் தானே அள்ளிக் குடிக்கிறான். அவ்வளவுதான் கதை. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட சீமெந்துப் பைகளை ஒட்டி, மேடைக்குக் கிணறு செய்தோம். அள்ளுகிறவனாக நடிக்க மார்க்கண்டு வந்தான். அவனுடைய ஆட்கள் உண்மையிலேயே அந்தக் கிணற்றுக்கு எட்டத்தில் குடத்தோடு நின்று, யாராவது ஊற்றும்வரை காத்திருப்பவர்கள்.

ஒத்திகையில் மார்க்கண்டு வசனமெல்லாம் நன்றாகச் சொன்னான். கிணற்றடிக்கு வந்ததும் வாளியைத் தொடாமல், இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றுவிட்டான். திரும்பவும் செய்யச் சொன்னால் திரும்பவும் அதேதான். கடுதாசிக் கிணறு, தடுக்க ஒருவருமில்லை. நாங்கள் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை.

"கை போகுதில்லை, நயினார்" என்றான் மார்க்கண்டு. எங்களை அப்படித்தான் அவர்கள் கூப்பிடவேண்டும் என்பது ஊர்வழக்கம்.

"முதல் உந்த நயினாரை விடு, அண்ணை எண்டு சொல்லு. பிறகு கண்ணை மூடி, நீ அள்ளுறதை நீயே ஒருக்காப் பார். மனம் பார்த்தால்தான் கை போகும்."

பிறகு அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார். "கற்பனை எண்டால் நிலாவையும் தாமரையையும் வருணிக்கிறதெண்டு நினைக்கிறியள். இவன் ஒரு வாளி தண்ணியைக் கற்பனை பண்ணக்கூட நாங்கள் விடேல்லை." அதற்குப் பிறகு அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

விஷயம் தலைவர் காதுக்குப் போய், அவர் நேரில் வந்தார். நாடகம் திறம், அந்தக் காட்சியை மட்டும் வெட்டிவிடு என்றார். ஊரில் நடக்காததை நடந்ததாகக் காட்டுவது பொய்யாம். அண்ணை அமைதியாகச் சொன்னார்: "நடந்ததைப் பதிவேட்டிலை எழுத ஊர் விதானையார் இருக்கிறார். நடக்கவேண்டியதை நான் எழுதுறன்." வாசிகசாலை மண்டபம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணை தன் தோட்டத்தில், வெங்காயம் கிண்டி முடிந்த தரையில் மேடை போட்டார். மார்க்கண்டு கிணற்றடிக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு அள்ளினான், அண்ணாந்து குடித்தான். அதோடு கல்லெறி தொடங்கியது. எங்கள் ஊரார் சிலர் மேடையில் ஏறிக் கிணற்றைக் கிழித்து எரித்தார்கள். வெறும் கற்பனைதானே, அதை ஏனடா எரித்தீர்கள்? அது வெறும் கற்பனையல்ல என்று எரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குக் கண்ணைத் துடைக்கிறவருக்கும் தெரியும். அதன்பிறகு அண்ணைக்கு இந்த ஊரில் ஒரு மேடையும் கிடைக்கவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால், "ஆருக்கு?" என்பார்.

உரைகள் நடந்துகொண்டிருந்தபோது மார்க்கண்டு படலைக்கு வெளியே, தெருவில் நின்றான். தலை நரைத்துவிட்டது. நான் எழுந்து அவனிடம் போனேன். அந்த நாடகத்தைத் திரும்பவும் போடப்போகிறேன், வந்து நடிப்பாயா என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளும் நடிச்சது காணும், மாஸ்டர்" என்றான். "உங்கடை வீட்டு வளவுக் கிணத்திலை நான் அள்ளலாமோ?"

"ஓம்" என்றேன். ஆனால் அதைச் சொல்வதற்குமுன் என் வாய் ஒரு கணம் தடுமாறியது. மார்க்கண்டு அதைக் கண்டுகொண்டான். குனிந்து சால்வையைச் சரிசெய்தான்.

அந்த ஒரு கணத்தை நினைக்க எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. நல்லதம்பி அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்தக் கோபம் ஒன்றைத்தான். மார்க்கண்டு என் வளவுக்குள் வந்து, தன் கையால் அள்ளிக் குடிக்கும்வரை இதை ஆறவிடமாட்டேன்.