இருநூற்றுப் பத்து டிகிரி

இது நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. என் மனைவியே நம்பவில்லை. அவளைப் பொறுத்தவரை, அவள் தம்பியைத் திருடன் என்று நினைத்ததை மூடி மறைக்க நான் கட்டிவிட்ட கதை இது. அவள் தம்பியை நான் சந்தேகப்பட்டது உண்மைதான். மற்றதும் உண்மை.

என் வேலை ஓநாய்களை எண்ணுவது. சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு தலைமுறைக் காலம் ஓநாயே கிடையாது. சுட்டும் விஷம் வைத்தும் துடைத்து எடுத்துவிட்டார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. குட்டி போட்டது. இப்போது மூன்று கூட்டம். எத்தனை பிழைத்தன, எங்கே சுற்றுகின்றன, யாருடைய ஆட்டுப்பட்டியை மோப்பம் பிடிக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டிக்குப் பக்கத்தில் வந்தால் முன்கூட்டியே ஆட்டுக்காரரிடம் சொல்லி, வெடி போட்டு விரட்ட வேண்டும். ஓநாயும் பிழைக்கணும், ஆடும் பிழைக்கணும். நடுவில் நாங்கள் பிழைக்கணும்.

நாங்கள் என்றால் நானும் என் மச்சானும். மனைவியின் தம்பி. எங்கள் வீட்டிலேயேதான் இருந்தான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். அவனுக்கு ஆபீசில் 'சைலன்சர்' என்று பட்டப்பெயர். மெதுவாகப் பேசவே வராது. "உப்பு எடு"ன்னு அவன் சொன்னால் பக்கத்து வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். எந்தப் பேச்சையும் 'மாமா' என்று முடிக்காமல் விடமாட்டான்.

நாங்கள் கவனித்துவந்த கூட்டத்தின் தலைவி ஒரு பெண் ஓநாய். 'பெரியவள்' என்று கூப்பிடுவோம். அவள் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டியிருந்தோம். அது 'டிக்... டிக்...' என்று சிக்னல் அனுப்பும். கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு சுற்றினால், எந்தத் திசையில் சத்தம் பலமோ அந்தத் திசையில் அவள் இருக்கிறாள். ஆனால் எவ்வளவு தூரம் என்று தெரியாது. அதனால் இரண்டு பேர் இரண்டு மலையில் நிற்போம். ஒரே நேரத்தில் திசையைப் பார்த்து, காம்பஸில் எத்தனை டிகிரி என்று வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொள்வோம். வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால், இரண்டும் வெட்டுகிற இடத்தில் பெரியவள்.

அந்த இடம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கேதான் சிக்கல். இரண்டு மாதத்தில் அந்தக் கூட்டத்தில் இரண்டு ஓநாய் சுடப்பட்டன. முதலில் பெரியவளின் ஜோடி. அடுத்தது ஒரு வருடக் குட்டி. இரண்டு தடவையும், முந்தின நாள் மாலை நாங்கள் கோடு போட்டுக் குறித்த அதே இடம்.

எங்கள் அதிகாரி அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உங்க வீட்டுப் பையன்ங்கிறதால சொல்ல சங்கடமா இருக்கு சார். ஆனா இடம் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல மேடம்."

"அப்ப நீங்களா?"

அன்றிலிருந்து அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். ராத்திரி சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவான். நான் படியேறினால் பேச்சை நிறுத்துவான். சைலன்சர் ரகசியம் பேசுகிறான்! அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்றைக்கு மூடுபனி. என்னை என் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போனான். மாலை ஐந்தரைக்கு ஆரம்பிப்பது வழக்கம். நான் மேலே ஏறி ஆன்டெனாவைச் சுற்றினேன். சிக்னல் கிழக்கே, ஏரிப் பக்கம். எழுபது டிகிரி.

"மாப்ள, எனக்கு எழுபது. உனக்கு?"

கரகரப்பு. பதில் இல்லை.

"மாப்ள... ஏறிட்டியா?"

கரகரப்பு. அப்புறம்...

"இருநூத்திப் பத்து."

மெதுவான குரல். தொண்டை கட்டினவன் பேசுவது போல வறண்டிருந்தது. 'மாமா' இல்லை. அப்போதே ஏதோ உறுத்தியது. குளிர் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தில் கோடு போட்டேன்.

கோடு வெட்டவில்லை. அவன் மலையிலிருந்து இருநூற்றுப் பத்து என்றால் நாங்கள் வந்த தார் ரோடு. ஏரிக்கு நேர் எதிர்ப்பக்கம். காம்பஸ் பார்க்கத் தெரியாத புது ஆள்கூட அப்படிச் சொல்லமாட்டான்.

"தப்பா இருக்கு மாப்ள. திரும்பப் பாரு."

"இருநூத்திப் பத்து."

"டேய், விளையாடாத."

"இருநூத்திப் பத்து."

எனக்குக் கோபம் ஏறியது. கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் ஏறியது. இவன் என்னிடம் பேசவில்லை... வேறு யாரிடமோ பேசுகிறான். இது சங்கேதம். எவனோ துப்பாக்கியோடு எங்கேயோ காத்திருக்கிறான்.

சும்மா ஒரு யோசனையில் காம்பஸை எடுத்து, நான் நிற்கிற இடத்திலிருந்து இருநூற்றுப் பத்து எங்கே காட்டுகிறது என்று பார்த்தேன்.

மலையின் பின்பக்கச் சரிவு. அதற்குக் கீழே ஆழமான பள்ளம். பாறை இடுக்கு. ஆள் நடமாட்டமே இல்லாத இடம். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்படியானால் இந்த எண் அவன் மலைக்கு உரியது அல்ல. என் மலைக்கு உரியது. சொல்கிறவன் இங்கே நின்று பார்த்துச் சொல்கிறான்.

இங்கே. என் பக்கத்தில்.

திரும்பிப் பார்த்தேன். பனி. புதர். நான் மிதித்து வந்த புல். வேறு ஒருவரும் இல்லை.

"மாப்ள, நீ எங்க இருக்க? உண்மையச் சொல்லு."

வாக்கி-டாக்கியில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம். அழுத்தி இருக்கும்வரை எதிராளி குரல் நமக்குக் கேட்காது. விட்டால்தான் கேட்கும். நான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு பட்டனை இன்னும் விடவில்லை. கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது.

அழுத்தியபடியே இருக்கும்போது குரல் வந்தது.

"தண்ணி இருக்கா?"

ஆனாலும் சந்தேகம்தான் ஜெயித்தது. பேய், பிசாசு என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. கருவியில் கோளாறு. ஆள் கள்ளன். இரண்டையும் இன்றைக்குப் பிடிக்கிறேன் என்று வாக்கி-டாக்கியை அணைத்துப் பையில் போட்டேன். சரிவில் இறங்கினேன். மணி ஆறு ஐந்து. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

பள்ளத்தின் விளிம்புக்கு வர இருபது நிமிடம் ஆனது. சத்தம் போடாமல் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். யாராவது இருமுவார்கள், பீடி வாசனை வரும் என்று காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

பழக்கதோஷத்தில், சிக்னல் கேட்கும் ரிசீவரைப் போட்டேன். டிக்... டிக்... காது வலிக்கிற அளவுக்குப் பலம். ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பலம். அப்படிக் கேட்டால் ஒரே அர்த்தம்தான். மிகவும் பக்கத்தில் இருக்கிறாள்.

எதிர்ப்பக்கப் பாறையில் நின்றாள். பெரியவள்.

ஏரியிலிருந்து எப்போது வந்தாள்? தெரியவில்லை. என் வாடை அவளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். மனித வாடை பட்டால் மறு நொடி மறைந்துவிடுவாள். அன்றைக்கு அசையவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளத்துக்குள்.

காதை முன்னால் நீட்டிக்கொண்டு... யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி.

அப்போது எனக்கும் கேட்டது.

"இருநூத்திப் பத்து..."

பையிலிருந்து அல்ல.

கீழேயிருந்து.

"தண்ணி..."

ஓடினேன்.

எப்படி மலையேறி, எப்படி அந்தப் பக்கம் இறங்கினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு இல்லை. முழங்கையில் தோல் இல்லை. தார் ரோட்டுக்கு வந்தபோது, என்னை இறக்கிவிட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, வளைவில் ஜீப் நின்றது. சக்கரம் கழற்றப்பட்டுக் கிடந்தது. மச்சான் கையெல்லாம் கரியோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தான்.

"பஞ்சர் மாமா! ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல! உங்கள இறக்கிவிட்டதுலேர்ந்து இங்கயேதான் லோல்படுறேன் மாமா!"

அதே பழைய குரல். மலை அதிர்ந்தது.

"வாக்கி-டாக்கி எங்க?"

"வீட்லயே சார்ஜ்ல விட்டுட்டேன் மாமா. ஏன், என்னாச்சு?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நடிக்கிறான் என்று தோன்றியது. கருமை பூசிய அந்தக் கைகூட எனக்கு வேஷமாகத்தான் தெரிந்தது. அந்த வழியாக வந்த பால் லாரிக்காரரிடம் காற்றடிக்கும் பம்ப் வாங்கி, எப்படியோ வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சமையலறை அலமாரியில் சார்ஜரில் இருந்தது அவன் வாக்கி-டாக்கி. பச்சை விளக்கு எரிந்தது.

"காலையிலேர்ந்து அங்கதான் கெடக்கு," என்றாள் என் மனைவி. "அணைக்கக்கூட இல்ல. சாயங்காலம் பூரா ஒரே கரகரன்னு. உங்களுக்கு என்ன ஆச்சுங்க? 'மாப்ள, மாப்ள'ன்னு தனியா பேசிட்டே இருந்தீங்களே?"

"தனியாவா? பதில் கேக்கலயா உனக்கு?"

"என்ன பதில்? உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு."

தம்பியைக் காப்பாற்ற அக்கா சொல்கிற பொய் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். ஓநாய்களைக் காட்டிக்கொடுக்கிறவன் நம் வீட்டில் சாப்பிடுகிறான் என்றேன். சைலன்சர் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னையா சொல்றீங்க?" என்றான். மெதுவாக. அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றிரவே பெட்டியோடு கிளம்பிவிட்டான். நான் தடுக்கவில்லை. அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்து, பள்ளத்தில் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று சொன்னேன்.

விடிந்ததும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நான்கு பேரோடு பள்ளத்தில் இறங்கினோம். ஆள் இருந்தான்.

பாறை இடுக்கில் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் மடங்கி, உடைந்து... வேட்டைத் துப்பாக்கி கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. கையில் வாக்கி-டாக்கி. எங்கள் கருவி மாதிரியே. எங்கள் சேனலில் வைத்திருந்தான்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்கள் தினமும் சொன்ன டிகிரிகளை இவன் எங்கேயோ உட்கார்ந்து கேட்டிருக்கிறான். இவனும் கோடு போட்டிருக்கிறான். மச்சான் மாடியில் ரகசியம் பேசியது ஒரு நர்ஸ் பெண்ணிடம். இன்றைக்கு அவள்தான் அவன் மனைவி. கல்யாணத்துக்கு என் மனைவி மட்டும் போய்வந்தாள்.

அந்தக் காலையில் எனக்கு நிம்மதிகூட வந்தது. பேய் இல்லை. விழுந்து கிடந்தவன் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான். நான் ஓடிவிட்டேன். ராத்திரி செத்துவிட்டான். அதுவே எனக்கு வாழ்நாள் பாரம் என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து டாக்டரின் அறிக்கை வந்தது. அதிகாரி அம்மா கதவைச் சாத்திவிட்டு வாசித்தார். பள்ளத்துக் குளிரில் உடம்பு கெடவில்லையாம்; ஆனால் நாங்கள் கண்டபோதே ஆள் இறந்து குறைந்தது பத்து நாள் ஆகியிருந்தது.

வாக்கி-டாக்கியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் இன்னொன்று சொன்னார். விழுந்த வேகத்தில் அதன் மைக்கும் பேசுகிற பட்டனும் நொறுங்கிவிட்டன. அதில் பிறர் பேசுவதைக் கேட்க முடியும். பேச முடியாது.

விழுந்ததால் அவன் சாகவில்லை என்றும் அறிக்கையில் இருந்தது. தண்ணீர் இல்லாமல் செத்திருக்கிறான். நான்கைந்து நாள் உயிரோடு கிடந்திருக்கிறான். உடம்பில் எந்த மிருகத்தின் பல்லும் படவில்லை.

அவனுக்கு எதிரே, பத்தடி தூரத்தில், புல் வட்டமாகப் படுத்திருந்ததை நானே பார்த்தேன். அதில் சாம்பல் நிற முடி. ஒரே இடத்தில் நாள்கணக்கில் படுத்திருந்தால்தான் அப்படி ஆகும்.

அவன் உயிரோடு கிடந்த அந்த நாட்கள் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. தினமும் மாலையில் நான் வாக்கி-டாக்கியில் சொன்னது இருநூற்றுப் பத்துதான்; இரண்டு கோடும் அந்தப் பள்ளத்தில்தான் வெட்டின. பெரியவள் நகரவே இல்லை. குட்டி போட இடம் பார்க்கிறாள் போலிருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காவது நாள் என்று நினைக்கிறேன்... மச்சான் வாக்கி-டாக்கியில் கத்தினான்.

"அங்கயே குந்திக்கிட்டு அப்படி எதைத்தான் பாத்துட்டிருக்காளோ மாமா!"

நாங்கள் இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

பள்ளத்துக்குள் அவன் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான்.