வேர்வையும் மூச்சும்

கார்த்திகை மாதத்து மூடுபனியில், நாகலூர் ரோட்டு வளைவில், காலை ஓட்டத்துக்குப் போன என் மகள் ஒரு காட்டெருமைக்கு எதிரே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பால் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஏறி வந்த அது, ஒருமுறை மூக்கால் சீறிவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டது. எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த வளைவு வந்தால் இன்றும் என் கை தானாக பிரேக்கைப் பிடிக்கிறது.

அவள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டக்காரி. தை மாதம் சேலத்தில் மாவட்ட அணிக்கான தேர்வு இருந்தது. ஓடாதே என்று சொல்ல மனம் வரவில்லை. ரோட்டில் ஓடாதே என்று மட்டும் சொன்னேன். நான் கணக்கு எழுதும் ஹோம்ஸ்டேயில் ஒரு டிரெட்மில் சும்மா கிடந்தது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன்.

கண்ணாடி அடைத்த சின்ன அறை. காற்று வராது. அவள் இறங்கும்போது சட்டை பிழியலாம் போல நனைந்திருக்கும். எங்கள் மலைக் குளிரில், எவ்வளவு ஓடினாலும் யாருக்கும் இப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை. ரோட்டைவிட இங்கேதான் அதிகம் உழைக்கிறாள் என்று நினைத்தேன். தினமும் துண்டோடு நின்றேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மார்கழியில் ஒருநாள் மாவட்ட அணிப் பயிற்சியாளர் சேலம் மைதானத்துக்கு வரச் சொன்னார். பஸ்ஸில் போனோம். முதல் சுற்றில் மற்ற பெண்களோடு நன்றாகத்தான் ஓடினாள். பிறகு வேகம் ஏறியது, இறங்கியது. திறந்த மைதானத்தில் எதிர்க்காற்று வேறு. கடைசிச் சுற்றில் அவளைவிடச் சின்னப் பெண்கள் தாண்டிப் போனார்கள்.

"மலைக்காரப் புள்ளைக்கு மூச்சு பத்தலீங்களே" என்றார் பயிற்சியாளர். "எங்கீங்க ஓடுது?"

மெஷினைப் பற்றிச் சொன்னேன்.

"சாய்வு வெச்சீங்களா?"

"இல்லீங்க. விழுந்துருவாளோன்னு சமமாத்தான் வெச்சேன்."

"அதுல எதிர்க்காத்து இல்லீங்க. கொஞ்சம் ஏத்தி வெச்சாத்தான் ரோட்டுக்குக் கிட்ட வரும். வேகத்தையும் மெஷினே புடிச்சுக்குது. இங்க புள்ளைதான புடிக்கோணும்? இப்படியே ஓடுனா தேர்வுக்கு வந்து பிரயோஜனமில்லீங்க."

திரும்பும் பஸ் அடிவாரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியது.

"தினமும் அவ்வளவு வேர்த்துச்சே, சாமி" என்றேன்.

"வேர்த்துச்சும்மா. மூச்சு வாங்கல. ரூமுல காத்து இல்லாம வேர்த்தது அது."

"இனி ஏத்தி வெச்சுக்கலாம்."

"வளைவ எப்படி வெப்ப? எறக்கத்த?"

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் நானே மெஷினில் ஏறினேன். இந்த வயதில் அதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது. ஓடிக்கொண்டே, வாசலில் நின்று பேசிய முதலாளியம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது. பிறகு அதே வேகம் என்று நினைத்துக்கொண்டு ரோட்டில் ஓடினேன். மளிகைக் கடை ஏற்றத்திலேயே நின்றுவிட்டேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். சொல்ல மூச்சு வரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

அன்று மாலை அவளிடம் ரோட்டிலேயே ஓடச் சொன்னேன். தனியாக இல்லை. காப்பிப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் காலையில் கூட்டமாக நடப்பார்கள். பனி அடர்ந்திருந்தால் சாப்பாடு கொண்டுபோகும் தூக்குப்போசியைத் தட்டிக்கொண்டே போவார்கள். சத்தம் கேட்டால் காட்டெருமை விலகிவிடும். அந்த நேரத்தில்தான் ஓட வேண்டும், பின்னால் ஸ்கூட்டரில் நான் வருவேன் என்றேன்.

"ஹாரன் மட்டும் அடிக்காதம்மா" என்றாள்.

முதல் காலையிலேயே அடித்தேன், அந்த வளைவில். அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏற்றத்தில் ஏறினாள்.

"ஏனுங்க, புள்ளையத் தொரத்தறீங்களா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"தொணைக்குப் போறனுங்க."

"ஓடறது அந்தப் புள்ளை. வண்டில உக்காந்துட்டு நீங்க ஏனுங்க இப்படி மூச்சு வாங்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். போசிகள் கணகணத்தன. எனக்கும் சிரிப்பு வந்தது.

வீடு வந்ததும் பழக்கத்தில் துண்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பேச முடியாமல் கையை மட்டும் அசைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி வெகுநேரம் மூச்சு வாங்கினாள். துண்டை என் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.