சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்கள்

நெய்வேலியில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், விரல் முட்டியால் இரண்டு தட்டு. பால்காரர் தட்டினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தட்டினார். பக்கத்து மனைக்காரி செல்வி கொழுக்கட்டை கொடுக்க வந்தபோது ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினாள். தட்டிவிட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. தலையை லேசாக ஆட்டிவிட்டு உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். புது வீட்டைப் பாராட்டுகிற முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாதி ஆயுளைக் கனடாவில் கழித்துவிட்டு வந்தவனுக்கு ஊரில் எது பழைய வழக்கம், எது புது வழக்கம் என்று பிரித்துப் பார்க்க வராது.

எட்மண்டனில் நானும் சுவரைத் தட்டிப் பிழைத்தவன்தான். அங்கே வீடுகள் மரச்சட்டங்களின் மேல் நிற்கின்றன. சட்டத்தை ‘ஸ்டட்’ என்பார்கள். அதன் மேல் ஜிப்சம் பலகையை அடித்துப் பூசிவிடுவார்கள். பார்க்கச் சுவர்தான், உள்ளே காலி. எதையாவது மாட்ட வேண்டுமென்றால் தட்டிக்கொண்டே போய், ஓசை கெட்டியாக வருகிற இடத்தில்தான் ஆணி அடிக்க வேண்டும். நான் செய்தது ஃபர்னஸ் ரிப்பேர் தொழில். பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பு அது. நின்றுவிட்டால் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். ஒரு வேனில் தொடங்கி ஒரு தெரு நிறைய வேன்கள் ஆயின. கம்பெனிக்கு மகளின் பெயரை வைத்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அதை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றேன். பெயரையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். என் மகளின் பெயரை ஒட்டிய வேன்கள் இப்போதும் எட்மண்டனில் ஓடுகின்றன. எதிரில் வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கையெழுத்துப் போட்ட அன்று வாங்கியவர்களின் மேனேஜர் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு ஒரு வீடு கட்டப் போகிறேன் என்றேன். “நல்ல இன்வெஸ்ட்மெண்ட்” என்றார். இல்லை, அவர் குடியிருக்க என்றேன். ஏதோ வேடிக்கை சொன்னதுபோல் சிரித்து என் தோளைத் தட்டினார். ஒவ்வொரு வருடம் முடிந்த பிறகும் என்னிடம் வேலை செய்தவர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றி எழுதி அனுப்புவது என் பழக்கம். இப்போது எழுத வேலையாட்கள் இல்லை. விற்றபின் என்ன செய்தாய் என்று கேட்கிற நண்பர்கள்தான் மிச்சம். அவர்களுக்காக இது.

வீட்டு ஆசை என்னுடையது. அப்பா என்றைக்கும் கேட்டதில்லை. மானாமதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் சக்கர வாளியால் மண்ணை அள்ளும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டர். நாங்கள் பிறந்து வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். ஏ ஷிப்ட் பஸ் சத்தத்தில் எழுந்து, பி ஷிப்ட் பஸ் சத்தத்தில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த வீடு நம்முடையது இல்லை என்று எனக்குத் தெரிந்ததே அப்பா ரிட்டயர் ஆனபோதுதான். காலி செய்கிற அன்று அவர் குறடை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஓட்டைகளில் டூத்பேஸ்ட்டை வைத்து விரலால் வழித்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணிகளை ஒரு போர்ன்விட்டா டப்பாவில் போட்டு மூடிக்கொண்டார். அதன் பிறகு பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடுகள். அம்மா அப்படியொரு வாடகை வீட்டில்தான் இறந்தாள். இனிமேல் அப்பா எந்த வீட்டையும் காலி செய்யக் கூடாது, சொந்தச் சுவருக்குள்தான் அவர் கண் மூட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது.

மந்தாரக்குப்பத்துக்கு வெளியே ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி மனை கிடைத்தது. நிலங்களை எடுத்துக்கொண்டு சுரங்கம் இந்தப் பக்கம் வரும் என்ற பேச்சு என் காதிலும் விழாமல் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அந்தப் பேச்சு எல்லாப் பக்கமும் வந்துகொண்டுதான் இருந்தது. அறிவிப்பு எதுவும் இல்லை. மனையை வாங்கிவிட்டேன். கொத்தனார் ஏழுமலை குள்ளஞ்சாவடிக்காரர், நல்ல பெயர் எடுத்தவர். விற்ற தொழிலை ஒப்படைக்கிற வேலை இழுத்துக்கொண்டிருந்ததால் வீட்டைப் போனிலேயே கட்டினேன். வாரம் தவறாமல் படம் வரும். சுவர் எழும்பியது, கூரை போட்டது, பெயிண்ட் அடித்தது. வீட்டைக் கட்டிப் பார் என்று பயமுறுத்தினார்களே, இவ்வளவுதானா அது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

சித்திரையில் பால் காய்ச்சி அப்பாவைக் குடிவைத்தேன். நானும் கூடவே தங்கினேன். முதல் சில நாட்கள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு தெருவைக் கவனித்தேன். வரிசையாகப் புது வீடுகள், எதிலும் ஆளில்லை. கதவுகளில் பூட்டு, ஜன்னல்களில் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை. மனைகளில் தென்னங்கன்றுகளை ஒரு முழ இடைவெளியில் நெருக்கி நட்டிருந்தார்கள். தென்னை அப்படி வளராது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். காலையில் வாடகை வீடுகளிலிருந்து வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் திரும்பிப் போய்விடுவார்கள். செல்வியும் அப்படித்தான். அவள் புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஒருநாள் என் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

“மேல ஒரு ரூம் போடலியாண்ணா?”

“எதுக்குங்க? நாங்க ரெண்டு பேர்தானே.”

“ரெண்டு பேருக்கு இல்லண்ணா. சும்மா நாலு சொவரு எழுப்பி வெச்சிட்டா நல்லதுதான.”

யாருக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை. விருந்தாளிகளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பகலில் தெரு அமைதியாக இருக்கும்போது சுரங்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்கும். நெய்வேலிக்காரனுக்கு அது தாலாட்டு மாதிரி, நான் பயந்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் அது முதலில் வாசல் பக்கமிருந்து கேட்டது. ஆடிக்குப் பிறகு சமையலறைப் பக்கமும் கேட்டது. அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். என்னப்பா என்று கேட்டால், “காத்து திரும்பியிருக்கு” என்பார். காற்று அடிக்கடி திரும்பியது. சின்ன வயதில் அவர் சொன்ன ஒன்று எனக்கு அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். இயந்திரத்தில் மண்ணைச் சீவிக்கொண்டு போகும்போது ஒரு பழைய கிணறு குறுக்கே வந்ததாம். பாதி அறுபட்டு, உறைகள் எல்லாம் வெளியே தெரிய, குழாய் மாதிரி நின்றதாம். அதில் வாளிக்கயிறு உரசிய தடம்கூட இருந்தது என்று சொல்லிவிட்டு அவர் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. அம்மாவின் படத்தை அப்பா பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. கேட்டால், “மாட்டிக்கலாம்டா, என்ன அவசரம்?” வாடகை வீட்டில்கூடக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தவர். சொந்த வீட்டில் பெட்டிக்குள் வைத்தால் மனசுக்கு எப்படி இருக்கும்?

கார்த்திகையில் அம்மாவின் திதி வந்தது. அதற்கு முன் நல்ல மழை. பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. புதுச் சுவர் அப்படித்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாலை வாங்கிவந்து, அப்பாவைக் கேட்காமலே பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து, கூடத்துச் சுவரில் ஆணியை வைத்தேன். முதல் அடிக்கு ஆணி உள்ளே போனது. இரண்டாவது அடிக்கு ஆணியையே காணோம். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் ஆணி மறுபக்கம் மண்ணில் கிடக்கிறது. செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டாமல் குத்தாக நிறுத்தியிருந்தார்கள். கலவையில் சிமெண்ட் பேருக்குத்தான். விரலால் சுரண்டினால் உதிர்ந்தது.

உள்ளே வந்தேன். அப்பா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏன்டா இப்படி முழிக்கிற? உனக்குத் தெரியாதா?”

“என்ன தெரியாதா?”

“இந்தத் தெருவுல எல்லா வீடும் இப்படித்தான. நாளைக்கு சுரங்கத்துக்கு நிலத்தை எடுத்தா நஷ்டஈட்டுல வீடு, தென்னங்கன்னு எல்லாத்தையும் சேர்த்து எண்ணுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. எண்ணுறதுக்குக் கட்டின வீடு. குடியிருக்க யார் கட்டுறா?”

“நான் உங்களுக்குக் கட்டினேம்ப்பா.”

அவர் மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஆள் இருக்கிற வீடுன்னா கணக்குல நிக்கும்னு பேசிக்கிறாங்க. அதுக்குத்தான் என்னைக் காவலுக்கு வெச்சிருக்கன்னு நெனச்சேன். வயசான காலத்துல மகனுக்கு இந்த உபகாரமாவது பண்ணுவோம்னு இருந்தேன். காலி பண்ற வீட்டுல உங்கம்மாவை எதுக்கு மாட்டணும்?”

எனக்கு அழுகை வந்தது. சித்திரையிலிருந்து கார்த்திகை வரை இந்த மனிதர், பெற்ற பிள்ளை தன்னைப் பொம்மையாக நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே, என்னோடு உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டிருக்கிறார். அதில் அவருக்கு என் மேல் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கோபத்தை ஏழுமலைக்கு என்று எடுத்துவைத்துக்கொண்டேன். அவர் மறுநாளே வந்தார். நான் கத்தி முடிக்கும்வரை துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“குடியிருக்கவா சார்? நெசமாவா?” என்றார். “அஸ்திவாரம் தோண்டுன அன்னிக்கு நீங்க வரல. சரி, வெளிநாடு. சொவத்துக்குத் தண்ணி ஊத்தவாச்சும் ஒரு ஆளு வந்திருக்கணும்ல? குடியிருக்கப் போறவங்க வூட்டாளுங்க கொடத்த தூக்கிகினு விடிகாலயில வந்து நிப்பாங்க. நீங்க போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்புன்னு சொல்லிகினு இருந்தீங்க. போட்டோவுக்குக் கட்டுற வூடு வேற சார். இந்தத் தெருவுல அதான் நானு கட்டிகினு இருக்கேன். பெரியவரும் வந்து தட்டிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சிதான் கட்டுறீங்கன்னு நெனச்சிகினேன்.”

எட்மண்டனில் வீடு ஓர் ஆள் ஆழத்துக்குமேல் பூமிக்குள் இறங்கும். பனி மண்ணைத் தூக்கிவிடும் என்பதற்காக பேஸ்மெண்ட் தோண்டித்தான் மேலே கட்டுவார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் நான் முதலில் இறங்கிப் பார்த்தது பேஸ்மெண்ட்டைத்தான். சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அப்பாவின் அறையை மட்டும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னேன். ஏழுமலை வெட்கத்தோடு நல்ல ஆழம் தோண்டினார். தினமும் விடியற்காலையில் நானே குடம் தூக்கினேன். அதைப் பார்க்கத் தெருவில் கூட்டம் சேர்ந்தது. கனடாக்காரர் அஸ்திவாரம் போடுகிறார் என்றால் சுரங்கம் வராது என்று சிலர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்கள். சீக்கிரம் வரப்போகிறது, கெட்டி வீட்டுக்குக் கூடுதல் மதிப்பு என்று சிலர் செங்கல் இறக்கினார்கள். செல்வி ஈரச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள்.

“உங்களுக்கு மட்டும் சேதி சொல்லிட்டாங்களாண்ணா?”

“யாரும் எதுவும் சொல்லலம்மா. அப்பா இருக்கிறதுக்குக் கட்டுறேன்.”

“சொல்ல இஷ்டம் இல்லன்னா வுடுங்கண்ணா,” என்று போய்விட்டாள். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு எதுவும் கொண்டுவரவில்லை.

தை பிறந்து சில நாட்களில், தெருமுனையில் முந்திரித் தோப்பு ஓரமாக, நிலம் அளக்கிறவர்கள் நடுகிற மாதிரி ஒரு கல் நின்றது. முழங்கால் உயரம், புதுச் சுண்ணாம்பு வெள்ளை. யார் நட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ரோடு போடுகிறவர்களாக இருக்கலாம், கேபிள்காரர்களாக இருக்கலாம். ஜனங்கள் அதைச் சுற்றி நின்றார்கள், ஒருவரும் தொடவில்லை. அப்பா மெதுவாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். கால் கழுவினார். உள்ளே போய் போர்ன்விட்டா டப்பாவை எடுத்து வந்து, ஆணிகளைக் கிளறி ஒன்றைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார்.

“அடிடா.”

“கல்லு நட்டிருக்கேப்பா.”

“அது நட்டவன் பாடு. எனக்குன்னுதான கட்டின? அடி.”

அந்தப் பழைய குவார்ட்டர்ஸ் ஆணியை அவர் அறையின் புதுச் சுவர் லேசில் வாங்கவில்லை. தோள் வலிக்க அடிக்க வேண்டியிருந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அம்மாவை மாட்டினோம். அவளுக்கு நேர் எதிரே ஜன்னல், ஜன்னலில் அந்தக் கல்.

இதை எட்மண்டனிலிருந்து எழுதுகிறேன். மனைவிக்கு இங்கே வேலை, மகளுக்குப் படிப்பு. வருடம் முடிந்தால் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பாவை எவ்வளவோ கூப்பிட்டேன். “போய்ட்டு வா, நான் காவலுக்கு இருக்கேன்” என்று இந்த முறை சிரித்துக்கொண்டே சொன்னார். ஏழுமலை இரண்டு நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். நான் தினமும் வீடியோவில் கூப்பிடுகிறேன். அப்பா முதலில் போனைத் திருப்பி அம்மாவைக் காட்டுவார். பிறகு நான் கேட்பதற்காகச் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார். கெட்டியான சத்தம். நேற்று அதற்குப் பின்னால் ஒரு முனகலும் கேட்டது. போன் வழியாகவே தெளிவாகக் கேட்டது.

“அது என்னப்பா சத்தம்?”

அவர் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார்.

“ஒண்ணுமில்லடா. காத்து திரும்பியிருக்கு.”

போனை வைத்த பிறகு எழுந்து போய் என் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். பனிக்கு ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தது. தட்டிய இடமெல்லாம் காலியாக ஒலித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினேன்.