நோதர் தம்பிக்காகக் கோப்பை தூக்கினார்

நோதர் தன் தம்பியை ஒன்பது வருடம் தினமும் சாகடித்தார். பக்கத்திலேயே நின்று ரொட்டி சுட்டவள் நான். எனக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

ஜார்ஜியாவில் அலசானி ஆற்றங்கரையில் இருக்கும் அந்தத் திராட்சைத் தோட்டம் அவர்கள் அப்பா நட்டது. தம்பி ரெவாஸ் தன் பாதியை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு கிரேக்க நாட்டுக்கு வேலைக்குப் போனான். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நோதரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுவும் கம்பெனிக்கே போனது. சாயங்காலம் வேனில் சுற்றுலா ஆட்கள் வருவார்கள். கொடிகளுக்கு நடுவே நடப்பார்கள், ஒயின் ஊற மண்ணில் புதைத்த தாழிகளை எட்டிப் பார்ப்பார்கள், நாலு வகை ஒயின் ருசிப்பார்கள், பிறகு விருந்து. அந்த விருந்துக்குத் தமதா நோதர்தான். கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்கிற தலைமைக்காரர். சொந்த மண்ணிலேயே கூலிக்குப் பேசுகிறோமே என்று அவர் குமைந்தது எனக்குத் தெரியும்.

மூன்றாவது கோப்பை இறந்தவர்களுக்கு. முதல் வருடம் ஒருநாள், அப்பா அம்மா பெயரோடு ரெவாஸ் பெயரையும் சொல்லிவிட்டார். கோபத்தில்தான். "எப்படி இறந்தார்?" என்று ஒரு விருந்தாளி கேட்டாள். நிலத்தை விற்றுச் செத்தான் என்றா சொல்ல முடியும்? பழைய சுகுமிப் போரில் செத்தான் என்றார். மேசையே அழுதது. கம்பெனி முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இதைத் தினமும் சொல்லுங்க" என்றார். வருகிறவர்களுக்குப் புரிவது ருஷ்ய மொழி, நோதருக்கும் அது வரும். ஆனால் விருந்தாளிகளுக்கு நம் ஜார்ஜிய மொழி காதில் விழ வேண்டுமாம். அதனால் அவர் நம் பேச்சில் சொல்வார், வழிகாட்டிப் பெண் தேயா ருஷ்யத்தில் சொல்வாள். நாளாக ஆக அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அவர் வாய் மூடுவதற்குள் அவள் முடித்திருப்பாள்.

போன வருட ஈஸ்டருக்கு ரெவாஸிடமிருந்து போன் வந்தது. பதினாறு வருடத்தில் முதல் போன்.

"அறுவடைக்கு வர்றேண்ணா. ஒரு கட்டில் இருக்குமா?"

நோதர் கிழக்கு அறைக்குத் தானே வெள்ளையடித்தார். அப்பாவின் கட்டிலுக்குப் புதுப் பலகை போட்டார். "அவன் இனிமே போகமாட்டான் லாமாரா, பாத்துக்கோ" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

"அந்த மூணாவது கோப்பையை என்ன பண்ணப் போறீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"அவன் பேரை எடுக்கமாட்டேன். அவ்வளவுதான்."

"தேயாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன், சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. இத்தனை வருடம் பொய் சொன்னேன் என்று மகள் வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வார்? நானாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அறுவடைக்கு ரெவாஸ் வந்த அன்று தேயாவின் வேன் தாமதமாக வந்தது. என் ரொட்டி அடுப்பில் இருந்தது. காரணம் சொல்ல வேண்டுமென்றால் இதுதான்.

கஜகஸ்தானிலிருந்து பன்னிரண்டு பேர். மேசைக் கடைசியில் ரெவாஸ், முடி முழுக்க நரைத்து, அண்ணனை விட மூத்தவன்போல. நோதர் அன்று பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. மூன்றாவது கோப்பை வந்தது.

"போனவங்களுக்கு. எங்க அப்பாவுக்கு, எங்க அம்மாவுக்கு" என்று சொல்லி நிறுத்தினார்.

தேயா திராட்சைக் குச்சித் தணலில் வேகும் கறியைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ருஷ்யத்தில் சொன்னாள். அப்பா, அம்மா, சுகுமியில் விழுந்த ஒரே தம்பி ரெவாஸ், அவன் உடல்கூட வீடு வரவில்லை. நோதர் கை நீட்டித் தடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரெவாஸுக்கும் ருஷ்யம் தெரியும். பக்கத்தில் இருந்த விருந்தாளி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறந்தவர்களுக்கு நாங்கள் செய்வதுபோல ரொட்டித் துண்டில் ஒயினைச் சொட்டவிட்டாள். தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவனும் சொட்டவிட்டான். பிறகு எழுந்தான்.

"அடுத்த பேச்சை எனக்குக் குடுண்ணா."

கேட்டால் தமதா மறுக்கக்கூடாது. நோதர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அந்த ரெவாஸை எனக்கும் தெரியும்" என்றான், நம் பேச்சில். "நல்லவன்னு சொல்லமாட்டேன். அப்பன் நட்ட கொடியை வித்துட்டு ஓடினவன். ஆனா போன இடத்துல ஒவ்வொரு பண்டிகைக்கும் அண்ணனுக்காக ஒரு கோப்பை குடிச்சான். உசிரோட இருக்கிறவங்களுக்குக் குடிக்கிற கோப்பை."

ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்தான். என்ன சொன்னார் என்று விருந்தாளிகள் தேயாவைக் கேட்டார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவருக்கும் தெரிஞ்சவராம்" என்றாள்.

வேன் கிளம்பும்போது ரெவாஸும் ஏறிக்கொண்டான். நோதர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டில் போட்டு வச்சிருக்கேன்டா."

"செத்தவனுக்கு எதுக்குண்ணா கட்டில்?"

பிப்ரவரியில் கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கியிலிருந்து யாரோ போன் செய்தார்கள். ரெவாஸுக்கு நெஞ்சுவலி, தூக்கத்திலேயே போய்விட்டான். உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். வீடு வரவில்லை.

குளிர்காலம் முடிந்து ஏப்ரலில் மறுபடி வேன்கள் வரத் தொடங்கின. முதல் விருந்தில் மூன்றாவது கோப்பையைத் தூக்கினார் நோதர். அப்பா பெயரைச் சொன்னார், அம்மா பெயரைச் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். நான் ரொட்டியை வைக்கும் சாக்கில் குனிந்து காதில் சொன்னேன்.

"இன்னிக்காவது சொல்லக்கூடாதா அண்ணா? இப்ப நிஜம்தானே."

"எந்த வாயால லாமாரா? சுகுமின்னு பொய் சொன்ன அதே வாயாலயா?"

அவர் கோப்பை அன்று முழுவதும் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. மேசையை எடுக்கும்போது நான்தான் அதை ஒரு ரொட்டித் துண்டின்மேல் ஊற்றினேன்.